பஸ்ஸுக்கு மட்டும் பிரெஞ்சு

"முடியாதுங்க அம்மணி. வணக்கமெல்லாம் சொல்லிட்டு நிக்க நேரம் இருக்காதுங்க."

திருமூர்த்தி நோட்டைப் பட்டென்று மூடினார்.

பலகையில் வணக்கத்துக்கு 'போன்ழூர்' என்று எழுதிவிட்டுத் திரும்பிய ரம்ஷாவுக்குக் காது சூடானது. மூன்று வாரமாக இதே சண்டை.

ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் பிரெஞ்சு வகுப்பு அது. அவளிடம் படிக்க வரும் மற்ற ஏழு பேரும் கனடா போகிற நர்சுகள், இன்ஜினீயர்கள். திருமூர்த்தி ஒருவர்தான் அறுபதைத் தாண்டியவர். கருமத்தம்பட்டியில் பதினாறு தறி ஓட்டுகிறவர். பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"பஸ்ஸுல போக வர மட்டும் சொல்லிக் குடுத்துப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார் முதல் நாளே.

வேறு எதையும் அவர் கற்றுக்கொள்ளவும் இல்லை. பாடப் புத்தகத்தில் வணக்கம், நலம் விசாரிப்பு, உறவுமுறை, ஓட்டலில் சாப்பிடுவது என்று வந்த பக்கங்களையெல்லாம் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டார். பஸ் பாடத்தில் மட்டும் குடைந்து குடைந்து கேட்டார்.

அந்த ஊர் பஸ்ஸுக்கு எத்தனை கதவு? பின்கதவைத் திறப்பது டிரைவரா, ஏறுகிற ஆளா? கிளம்பின பஸ்ஸை ஓடி வந்து தட்டினால் நிறுத்துவார்களா?

"எனக்குத் தெரியாது சார். நான் புதுச்சேரியில படிச்சவ. பிரான்சுக்குப் போனதில்ல" என்றாள் ரம்ஷா ஒருநாள்.

"அந்த பஸ்ஸுல நீங்க ஏறினதே இல்லீங்களா? அப்புறம் என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறீங்க?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள். இந்த மனுஷனுக்கு எப்போது விமானம் வரும் என்று அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தாள்.

இன்று அவளும் விடுவதாக இல்லை.

"அங்க டிரைவருக்கு வணக்கம் சொல்லாம ஏறினா மரியாதை தெரியாத ஆளுன்னு நெனைப்பாங்க சார்."

"நெனைச்சுட்டுப் போகட்டுமுங்க."

"அப்போ நாளையிலேர்ந்து வராதீங்க." சொன்னது அதிகம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "உங்களுக்கு இந்த மொழி வரப்போறதில்ல. ஏர்போர்ட்டுக்கு உங்க பொண்ணே வந்து கூட்டிட்டுப் போவாங்க. எங்க உயிரை எதுக்கு எடுக்கறீங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நர்ஸ் பெண்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். மற்றவர்களும் அவர்கள் பின்னாலேயே படியிறங்கிப் போனார்கள்.

திருமூர்த்தி எழுந்திருக்கவில்லை.

ரம்ஷா பலகையை அழித்தாள். அழித்த இடத்தையே மறுபடியும் அழித்தாள். அவராகப் போகட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கு வரலீங்க. நாளான்னிக்கு பிளேன்" என்றார் அவர் பின்னாலிருந்து. "அவ ஏர்போர்ட்டுக்கு வர மாட்டாளுங்க. நான் வர்றது அந்த ஊட்டுல அவளுக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் திரும்பினாள்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். "இந்த மூணை மட்டும் அந்தப் பாஷையில எழுதிக் குடுத்துப்போடுங்க. இனித் தொந்தரவு பண்ண மாட்டேன்."

பென்சிலில், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தமிழில் எழுதியிருந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை.

கதவைச் சாத்துங்க.

பின்னாடி ஓடி வர்றவனுக்குத் திறக்காதீங்க.

ரம்ஷா மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தாள்.

"யாரு சார் ஓடி வருவாங்க?"

"மாப்பிள்ளை."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நிற்க, அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மத்தியானம் சோறு திங்க ஊட்டுக்கு வந்து போவான். அவன் போனதும் அவளையும் குழந்தையையும் கூட்டிட்டுக் கெளம்பிடோணும், ரெண்டேகாலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குதாம். அதை உட்டா அப்புறம் ஆறு மணிக்குத்தான். ஊட்டுலேர்ந்து அந்த ஸ்டாப்பு கண்ணுக்குத் தெரியற தூரம். நடுவுல அவன் திரும்பி வந்துட்டான்னா..." தாளை விரலால் தள்ளினார். "டிரைவருக்கு நான் சொல்றது புரியோணும். அவளுக்கு வாய் தெறக்க முடியாதுங்க. தாடை ஒடைஞ்சு, கம்பி போட்டுக் கட்டியிருக்குது."

ரம்ஷா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பிரெஞ்சைத் தமிழ் எழுத்திலேயே எழுதினாள். 'ஃபெர்மே லா போர்த்.' 'நூவ்ரே பா.' அவர் நாக்குக்கு எளிதாக, முடிந்தவரை சுருக்கமாக.

அடியில், அவர் கேட்காத நாலாவது வரி ஒன்றையும் சேர்த்தாள். 'அப்பலே லா போலீஸ்.'

"போலீசைக் கூப்பிடுங்கன்னு அர்த்தம் சார். கடைசி வார்த்தை உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

திருமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே இருந்த மூன்றையும் விட்டுவிட்டு, அந்த வரியை முதலில் படித்தார்.