ஏழு எண்ணும் வரை

“‘டீச்சர் கேள்வியும் கேட்கிறார், பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்.’ என்னைப் பத்தி எழுதியிருக்காங்க, என்னைப் பத்தி!”

டீச்சர் அந்தக் காகிதத்தை மேசைமேல் அறைந்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஒருமுறை ஆடி நின்றது. பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, தெரு முழுக்க அவள் டீச்சர்தான். கட்டிய கணவனே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

“முழுசாப் படி, டீச்சர்,” என்றான் அவன், கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே.

“‘குழந்தைகளுக்கு யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. பதில் நாக்கு நுனிக்கு வரும்போது அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.’ நாக்கு நுனியாம்! பதினாறு வருஷமா நாலாம் வகுப்பு எடுக்கறேன். எந்தப் பிள்ளை நாக்குல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரியும்!”

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ‘தெரியும்’ வந்துவிட்டதால் மூடிக்கொண்டான்.

வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டுக்கு ஒன்றாக, பெயர் போடாமல், பெற்றோர் கணினியில் நிரப்பி அனுப்பிய முப்பத்தொரு கருத்துப் படிவங்கள் மேசைமேல் கட்டாக இருந்தன. முப்பதில் ஒரே பாராட்டு மழை. டீச்சரின் கண் மட்டும் மிச்சமிருந்த ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியையும் அந்த ஒன்றைத்தான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கையில் கொடுத்திருந்தார். “நாளைக்குக் காலையில உங்க வகுப்புல வந்து உக்காரப் போறேன். கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. உங்களால முடிஞ்சா அறிவியலுக்கு நீங்கதான் பொறுப்பாசிரியர். முடியலைன்னா பக்கத்து வகுப்பு டீச்சருக்குப் போயிடும்.”

மூன்று வருஷமாகக் காத்திருக்கும் பதவி. இப்போது அது ஏழு எண்ணிக்கையில் வந்து தொங்கியது.

“சரி, ஒத்திகை பாத்துடுவோம். நீங்கதான் பிள்ளைங்க,” என்று எழுந்து நின்றாள். “மத்தியான வெயில்ல நம்ம நிழல் ஏன் குட்டையா இருக்கு?”

ஒன்று. இரண்டு. கணவன் மின்விசிறியைப் பார்த்தான். மேசையின் மறுமுனையில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். மூன்று. டீச்சரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“ஏன்னா சூரியன் தலைக்கு நேர் மேல இருக்கு!”

“மூணுதான் ஆச்சு,” என்றான் கணவன்.

“நீங்க முழிச்ச முழி அப்படி. இதோ, இவளும் அப்படித்தான். என் வகுப்புலயே உக்காந்திருக்கா, ஒரு நாள் கை தூக்கினதில்ல. ஏன்டி, வெக்கமா? வெக்கம்தான். அப்படியே உங்க வீட்டு வாரிசு.”

மகள் மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

அமைதி என்றாலே டீச்சருக்குப் பயம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவள் கேட்ட முதல் கேள்விக்கு நாற்பது முகங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. உனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று அந்த நாற்பதும் சொல்வதுபோல் இருந்தது. அன்றிலிருந்து அவள் எந்த இடைவெளியையும் காலியாக விட்டதில்லை. வகுப்பிலும் சரி, வீட்டிலும் சரி.

“யாரு எழுதியிருப்பாங்க? மருந்துக்கடைக்காரர் வீடா? இருக்காது, அவருக்கு ஏது நேரம். அந்தப் பல் டாக்டர் அம்மாவா? அவங்கதான்! அடுத்தவங்க வாயைத் திறக்கலைன்னா அவங்களுக்குத்தானே கவலை!”

“டீச்சர், நான் ஒண்ணு...”

“இருங்க. நம்ம வீட்டுப் படிவம் எதுன்னு நான் கேக்கக்கூட இல்ல பாருங்க. இதோ, ‘வகுப்பு அருமை, நன்றி.’ இதுதானே? இதுதான். உங்க சிக்கனம் எனக்குத் தெரியாதா?”

“அது வந்து...”

“தெரியும்ங்க!”

கணவன் கடைசித் தட்டை அடுக்கில் வைத்தான். “உனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியாக் கேட்டா வாய் எப்படிச் சும்மா இருக்கும்? தெரியாத கேள்வி ஒண்ணு கேளு. அப்புறம் எண்ணு.”

டீச்சர் யோசித்தாள். தனக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று ஞாபகமே வரவில்லை. பிறகு அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

“சரி. இதை எழுதினது யாரு?”

ஒன்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு. மூன்று. ‘பல் டாக்டர்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள்.

நான்கு. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

ஐந்தில், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கணவன் பள்ளிப் பிள்ளை மாதிரி மெல்லக் கை தூக்கினான்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்க நூறு கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் நாளைக்குத் தலைமையாசிரியை வருகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஆறு.

ஏழு.

“அப்பா டைப்தான்மா அடிச்சாங்க,” என்றது மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு சின்னக் குரல். “சொன்னது நான்.”

டீச்சர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மகளைப் பார்த்தபடியே, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.