பேஷண்ட் வேஷம்

"அக்கா, நான் எத்தனை மணிக்கு மயங்கி வுழணும்? கேட்டுச் சொல்லு!"

ஜெயராஜ் போனில் கத்தியது பந்தலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. பேரூராட்சித் தலைவி ஷைனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, காதுகுத்து வீட்டைவிட்டு வெளியே வந்தாள்.

"கத்தாதடா. நான் வந்துதான் ஆரம்பிக்கணும். நாஷ்டா துன்னியா?"

"பேஷண்ட்டுக்கு இன்னா நாஷ்டா? வாயில நொர வர்றதுக்கு பேஸ்ட் வாங்கி வெச்சிக்கீறேன்."

"முழுங்கித் தொலைக்காத!"

தொழிற்பேட்டையில் உள்ள ரசாயனக் கம்பெனி ஒன்றில் அன்று விஷவாயுக் கசிவு ஒத்திகை. சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். ஷைனிதான் சிறப்பு விருந்தினர். வாயுவை முகர்ந்து மயங்கி விழும் தொழிலாளி வேஷம், அங்கே கான்ட்ராக்டில் வேலை செய்யும் அவள் தம்பி ஜெயராஜுக்கு.

சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடாக வந்து, மாட்டுத் தொழுவத்திலேயே குறட்டை விட்டுத் தூங்கிப்போனவன் அவன். ஆனால் இந்த முறை விளையாட்டு இல்லை. "தம்பி நல்லா பண்ணிட்டார்னா, பர்மனென்ட்டுக்கு நானே பேசறேன் மேடம்" என்று கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பூவராகவன் சொல்லியிருந்தார். நடையாய் நடந்து கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டவளுக்கு அது போதாதா? காலையிலிருந்து ஷைனிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்தது மண்டபத்தில் சமுதாய வளைகாப்பு. வரிசையாக உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளுக்கு வளையல் போடும்போதும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. ஒரே பெண்ணின் கன்னத்தில் இரண்டு தடவை சந்தனம் பூசிவிட்டாள். மூன்றாவது தடவையும் கை போக, அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அஞ்சு வகை சாதம் இருக்குது, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க தலைவி" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தலைவி சாப்பிடாமல் போனால் அது நாலு வாரத்துக்குப் பேச்சாகிவிடும். புளி சாதமா எலுமிச்சை சாதமா என்றுகூடத் தெரியாமல் விழுங்கிவிட்டு ஓடிவந்து காரில் ஏறினாள்.

ரோட்டில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. "பூந்து போ ஏழுமலை!" என்று டிரைவரை விரட்டினாள். "எங்க பூர்றது? மேலதான் பறக்கணும்" என்றான் ஏழுமலை.

மறுபடியும் போன் அடித்தது. ஜெயராஜ்தான்.

"அக்கா, எங்க கீற? ஷெட்டுல படுக்க வெச்சிட்டாங்க. இங்க இன்னாவோ நெடி அடிக்குது. தொண்டையெல்லாம் எரியுது. செத்த வெளிய போய் ஒக்காந்துக்கவா?"

ஷைனிக்குப் பகீரென்றது. இவ்வளவு தூரம் வந்து, கடைசி நேரத்தில் காரியத்தைக் கெடுத்துவிடுவான் போலிருக்கிறதே!

"எழுந்து கிழுந்து வந்துடாத! ஆபீசருங்க பாத்துக்கினு இருப்பாங்க. நான் வர்ற வரிக்கும் அங்கியே படு."

"சரிக்கா..." என்றவன் தொடர்ந்து இருமினான்.

"ஆங், இது இருமல்! இதையே அவங்க முன்னாடியும் இருமு."

"தம்பி பொழைச்சிக்கும்கா" என்று சிரித்தான் ஏழுமலை. ஷைனியும் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் மனசுவிட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கம்பெனி கேட் திறந்து கிடந்தது. மாலை இல்லை, சால்வை இல்லை, வாங்க என்று சொல்ல வாட்ச்மேன்கூட இல்லை. உள்ளே சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சிட்டாங்களா? நான் இல்லாமயா?" ஷைனிக்கு முகம் சிவந்துவிட்டது. ஷாமியானாவில் ஒருவரும் இல்லை. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. மேடை மேஜையில் அவள் அசைக்க வேண்டிய பச்சைக் கொடி ரிப்பன்கூட அவிழ்க்காமல் கிடந்தது.

யாரைப் பிடித்துக் கத்தலாம் என்று அவள் தேடும்போது, முகமூடி போட்ட நாலு பேர் ஷெட் பக்கமிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் ஜெயராஜ்.

கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கண் பாதி செருகி, வாயோரம் நுரை தள்ளி, ஒரு கை தொங்கி ஆட... பாவி, என்னமாய் நடிக்கிறான்! ஆடு வேஷத்தில் தூங்கினவனா இவன்? ஷைனிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி பர்மனென்ட் எங்கே போகும்?

ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரை மறித்தாள். "ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா! ஏழுமலை, ஒரு போட்டோ எடு. கம்பெனி போர்டும் தெரியணும்."

முன்னால் பிடித்திருந்தவர் என்னவோ கத்தினார். முகமூடிக்குள் ஒன்றும் விளங்கவில்லை. ஷைனி தம்பியின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே ஓடிவந்த ஏழுமலையின் செல்போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"போதும்டா, கண்ணத் தொற. சும்மா பின்னிட்ட!"

அவன் திறக்கவில்லை. பிடித்திருந்த கை ஜில்லென்று இருந்தது.

முன்னால் இருந்தவர் ஒரு கையால் முகமூடியைப் பிய்த்துக் கழற்றினார். பூவராகவன். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வழி விடுங்க மேடம்! ஒத்திகைய நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"