நேரம் மிச்சம் பிடிக்கும் மெஷின்

ஷெட் பூட்டியபடியே இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த மெஷினை மட்டும் காணவில்லை.

லண்டன் எட்மண்டனில், யோகலிங்கத்தின் வீட்டுப் பின்வளவில், பொலிஸ்காரன் சிவதர்ஷன் அந்த ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். அங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"அது என்ன மெஷின், அங்கிள்?"

"தோட்டா செய்யிற மெஷின், தம்பி."

சிவதர்ஷனின் பேனா நின்றுவிட்டது. யோகலிங்கம் அவசரமாகத் துப்பாக்கி லைசென்ஸை எடுத்து நீட்டினார். எல்லாம் சட்டப்படிதான். அவர் ஒரு சுடும் கிளப்பில் உறுப்பினர். சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, புது வெடிமருந்து போட்டு, புதுக் குண்டு செருகி, திரும்பவும் தோட்டாவாக்குவது அவருடைய பொழுதுபோக்கு. அந்தத் தோட்டாக்களால் இலக்குப் பலகைக்குப் பெரிய சேதம் வந்ததில்லை. பின்னால் இருந்த மண்மேடுதான் பாவம்.

"ஷெல்லடிக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், தம்பி," என்றார் மனைவி செல்வமலர். "இஞ்ச வந்து இருந்து குண்டு செய்யிறார். ஆரிட்டைச் சொல்லி அழ?"

இருபது வருடமாக இதே பாட்டுத்தான். சனி, ஞாயிறு என்றால் யோகலிங்கம் ஷெட்டுக்குள் போய்விடுவார். கைப்பிடியை இழுத்து இழுத்து ஒவ்வொரு தோட்டாவாகச் செய்வார். மருந்தோடு விளையாடும் வேலை, கவனம் சிதறக்கூடாது, கதவைத் தட்டவே கூடாது என்று கட்டளை. கலியாண வீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் செல்வமலர் தனியாகவே போய் வந்தார்.

பிறகு ஒருநாள், மோட்டார் பூட்டிய மெஷின் தானாகவே தோட்டா செய்யும் வீடியோ ஒன்றை யோகலிங்கம் பார்த்துத் தொலைத்தார். கிளப் நண்பர் பாஸ்கரன் அப்போதே எச்சரித்தார்.

"யோகலிங்கம் சார், நீங்க சுடற அளவுக்கு, இது போட்ட காசை எடுக்கறதுக்குள்ள உங்களுக்குக் கண்ணே தெரியாமப் போயிடும்."

"காசை விடுங்கோ. நேரம் எவ்வளவு மிச்சம் எண்டு பாருங்கோ," என்றார் யோகலிங்கம். கண் இப்போதே மங்கல் என்பதை அவர் சொல்லவில்லை.

பெட்டி வந்த அன்று செல்வமலர் கொதித்தார். "இது உள்ள வந்தால் நான் தங்கச்சி வீட்டை போறன்!"

மெஷின் உள்ளே வந்தது. செல்வமலரும் போகவில்லை. நேரம் மிச்சம் பிடிக்கும் மெஷினைப் பொருத்திப் பூட்டி முடிக்கவே யோகலிங்கத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனால் ஓடத் தொடங்கியதும் அது சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு நாள் வேலையைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடும். யோகலிங்கமும் ஈஸ்ட் ஹாம் சேலைக்கடை, வெம்பிளிப் பிறந்தநாள் என்று மனைவியோடு போய்வரத் தொடங்கினார். பார்த்த சனம் அதிசயப்பட்டது. மெஷின் போடும் சத்தம்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது என்று செல்வமலர் புறுபுறுப்பார்.

இப்போது அந்தச் சத்தமும் இல்லை.

"சுடுற துவக்கு எங்க?" என்று கேட்டான் சிவதர்ஷன்.

"மேல, இரும்பு அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு. மருந்து டப்பாவும் அப்படியே இருக்கு."

"ஷெட் பூட்டின்ர திறப்பு?"

"குசினியில தொங்கும்."

"அப்ப இது வெளியாள் செய்த வேலை இல்லை, அங்கிள்."

சிவதர்ஷன் திரும்பிப் பார்த்தான். செல்வமலர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, உங்களுக்கு அந்த மெஷின் பிடிக்காதோ?"

"முதல் பிடிக்கேல்லைத்தான்," என்றார் அவர், தலை நிமிராமலே.

யோகலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "தம்பி, இதை இத்தோட விடுங்கோ. வீட்டு விசயம். நான் கேஸ் ஒண்டும் குடுக்கேல்லை. இவதான் அவசரப்பட்டு உங்களைக் கூப்பிட்டவ."

சிவதர்ஷனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எடுத்தவர்களே பொலிஸைக் கூப்பிடுவதை அவன் முன்பும் பார்த்திருக்கிறான். பெண்சாதியைக் காட்டிக்கொடுக்க மனம் வராத இந்த மனுசனை நினைக்க அவனுக்குப் பாவமாக இருந்தது.

"அன்ரியோட சண்டை பிடிக்காதேங்கோ, அங்கிள்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

யோகலிங்கம் ஷெட் வாசலில் குந்தி, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். செல்வமலர் வந்து பக்கத்தில் இருந்தார்.

"கவலைப்படாதேங்கோ அப்பா. அதைவிட ரெண்டு மடங்கு கெதியாச் செய்யிற மெஷின் ஒண்டு இருக்கு. இப்பதான் போனில ஓடர் பண்ணினன். இவ்வளவு வருசமும் நான் தனியத் திரிஞ்சது போதும். இனி உங்களை இதுக்குள்ள அடைஞ்சு கிடக்க விடமாட்டன். வாற சனி கோசிகாவின்ர சாமத்தியவீடு. ஞாயிறு பிலோமினம்மாவின்ர பிறந்தநாள். ரெண்டுக்கும் சேர்ந்தே போவம், என்ன?"

விடியற்காலையில் அந்த மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ஒருவரும் பார்க்காமல் லீ ஆற்றுக்குள் தள்ளிவிட்டு வந்த யோகலிங்கம், இப்போதுதான் உண்மையாகவே அழத் தொடங்கினார்.