பன்னிரண்டு அங்குலம்

“இதுவே இருக்கட்டும் மாப்ள” என்றார் அத்தான், மூன்றாவது தடவையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பாய்மரப் படகில் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தியவன் நான். அதற்குப் பதினான்கு அங்குலப் புரொப்பல்லர்தான் சரி என்று கணக்குப் போட்டவனும் நான். சோதித்துப் பார்க்க மாட்டிய பன்னிரண்டு அங்குலத்தைக் கழற்ற விடாமல் மனிதர் உடும்புப்பிடியாக நிற்கிறார்.

பன்னிரண்டில் படகு அன்னநடை போடும். பதினான்கு நல்ல வேகம் தரும். ஒன்றே ஒன்று, வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை முழுக்கத் தள்ளக்கூடாது. தள்ளினால் மோட்டார் திணறி, சூடாகி, தானாக நின்றுவிடும்.

“மீட்டரைப் பாத்து முக்கால்வாசி தள்ளுங்க. இருபது வருஷமா படகு ஓட்டுறீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“நான் பாப்பேன். உங்க அக்கா பாக்க மாட்டா. பதறிப்போய் முழுசாத் தள்ளிடுவா.”

அக்காவா? படகில் ஏறியதும் பத்திரிகையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறவள்! சிரித்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கரையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்தார்.

“ஆபரேஷன் தாங்காதாம். எப்ப வேணா நின்னுடுமாம். அவகிட்ட மூச்சு விட்டுடாத.”

அப்படியானால் பெரியதுதானே வேண்டும், சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரலாமே என்று கெஞ்சினேன். அவர் அக்காவை ஏறச் சொன்னார்.

கரை கோடாகத் தெரியும் தூரம் போனதும், கைப்பிடியை அவளிடம் கொடுத்துவிட்டுப் படகின் தரையில் நீட்டிப் படுத்தார். “எனக்கு மயக்கம்னு வச்சுக்கோ. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. தம்பி வாயைத் திறக்கக் கூடாது.”

“வயசானா புத்தி இப்படியா போகும்!” என்றாள் அக்கா. படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் “ஐயையோ” என்று கத்திக்கொண்டே கைப்பிடியை முழுசாகத் தள்ளினாள்.

மோட்டார் நிற்கவில்லை.

தட்டுத்தடுமாறி அவளே திருப்பினாள். பாதி வழியில் பயம் போய்விட்டது. “நடிச்சது போதும், எழுந்திருங்க” என்று காலால் இடித்துக்கூடப் பார்த்தாள். அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. நான் அவர் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு துறையில் முட்டியதும் அக்கா கயிற்றோடு குதித்தாள். “பாத்தியாடா, உங்க அத்தான் உதவி இல்லாமலே கொண்டுவந்துட்டேன்!”

அத்தான் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிஷம்.

“பெருசு போட்டிருந்தா பதினெட்டுல வந்திருக்கலாம் அத்தான்.” அக்காவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினேன். “நின்னுட்டா எவ்வளவு நேரம் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு?”

“அஞ்சு நிமிஷம்” என்றார். “மீதி தூரம் அவ தனியாத்தானே வரணும், மாப்ள.”