சீமைச் சாப்பாடு

"இன்னிலேர்ந்து என் சாப்பாட்டுல உப்பு போடாதே கலாவதி. மொளகாயும் வேணாம்."

கலாவதி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். பாஸ்போர்ட், சர்ட்டிபிகேட் என்று நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்திருந்த பரமசிவம், சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றிருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

விளையாட்டு இல்லை. லண்டனுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில், நெசவு மில் ஒன்றில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தான் மாமன் மகன் கைலாசம். அங்கே போன புதிதில் கைலாசம் வாயில் எதையும் வைக்க முடியாமல் தவித்ததும், அவித்த உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் பார்த்தாலே குமட்டி, பாதி உடம்பாய் இளைத்துப்போனதும் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தெரிந்த கதை. அந்த அவஸ்தை தனக்கு வேண்டாம் என்றான் பரமசிவம். கப்பல் ஏறுவதற்குள் நாக்கைப் பழக்கிக்கொள்ளப் போகிறானாம்.

"அங்க போய்ப் பழகிக்கக் கூடாதா?"

"அங்க எவன் எனக்காகக் காத்துக்கினு இருப்பான்? போன மறுநாளே மிஷின்ல நிக்கணும்."

கலாவதிக்கு இது இரண்டாவது அடி. அவன் போகிறான் என்பதே முதல் அடி. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. அது பிறக்கும்போது அவன் இருக்கமாட்டான். பிள்ளை அப்பாவைப் போட்டோவில்தான் பார்க்கும். அதை நினைத்து நினைத்து அழுது ஓய்ந்திருந்தாள். இப்போது, இருக்கிற கொஞ்ச நாளும் அவள் கைச் சாப்பாடு அவனுக்கு வேண்டாததாகிவிட்டது. அவளுடைய வற்றல் குழம்பு கொதிக்கிற வாசனைக்குத் தறியிலிருந்து பாதியில் எழுந்து வருகிறவன் அவன்.

மறுநாள் முதல் அவித்த கிழங்கும் குழைந்த சோறும் வெந்த காயும் அவன் தட்டில் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். பாதியில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். தட்டில் மிச்சமிருந்ததை ஒருநாள் அவளே வாயில் போட்டுப் பார்த்தாள். இதைத் தின்றுதானா அந்த ஊரில் காலத்தைத் தள்ளப்போகிறான் என்று அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

சண்டையும் போட்டுப் பார்த்தாள். சீமைக்கு இன்னும் போகவே இல்லை, அதற்குள் பெண்டாட்டி சமையல் கசந்துவிட்டதா என்று கேட்டாள். தறியில் போய் உட்கார்ந்தான். நாடா இங்கும் அங்கும் ஓடி இழை கோக்கும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். மனசு அதற்குள் கப்பல் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆள் இளைத்துக்கொண்டே போனான். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், கிழங்கு வேகிற தண்ணீரில் இரண்டு கல் உப்பைப் போட்டாள். பயந்துகொண்டே பரிமாறினாள். அவன் எப்போதும்போலச் சாப்பிட்டான். மறுநாள் இன்னும் கொஞ்சம். சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு சிட்டிகை, கீரை மசிக்கும்போது ஒரு சிட்டிகை. அவன் நாக்குக்குப் பிடிபடாதபடி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனாள்.

ஒரு மதியம் தட்டை வழித்துத் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

"பழகிடுச்சி கலாவதி. உப்பு இல்லாமலே ருசியா இருக்குது பாரு."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். போகிறவரைக்கும் அவன் இந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறான். அது அவனுக்குத் தெரியவேண்டாம். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பொழுதை ஓட்டினாள்.

அவன் முகத்தில் சதை போட்டது. நிறம்கூட வெளுத்தது. போவதற்கு முன்பே சீமைக்காரன் களை வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அங்கம்மாள் சொன்னபோது, கலாவதிக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பயணத் தேதியை மட்டும் அவன் சொல்வதாயில்லை. கேட்டால், பேப்பர் இன்னும் வரவில்லை என்பான்.

ஒரு காலையில் அவனால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு இரைத்தது. கால் இரண்டும் தூண்போல் வீங்கிக் கிடந்தன. அங்கம்மாள் மகன் துரைக்கண்ணு ஓடிப்போய் ஜட்கா வண்டி கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியதும் வந்த டாக்டர், அவனைப் பார்த்தவுடனே பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவரை அவனுக்கு எப்படித் தெரியும் என்று கலாவதி விழித்தாள்.

டாக்டர் அவன் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது.

"சர்ட்டிபிகேட் கேட்டு வந்த அன்னிக்கே சொன்னேனேப்பா. ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு, சீமையை மறந்துடு, உப்பைத் தொடாம இருந்தா கொஞ்ச காலம் தள்ளலாம்னு. உனக்கு அது விஷம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

கலாவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பரமசிவம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வயித்துப் புள்ளைக்காரி... உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் சீமைன்னு சொல்லிக்கினு இருந்தேன்" என்றான். பிறகு டாக்டரின் கையைப் பற்றிக்கொண்டு, மூச்சுக்குத் திணறித் திணறிச் சொன்னான்:

"சத்தியமா ஒரு கல்லு உப்புகூட நாக்குல படல சார். இவதான் எனக்கு ஆக்கிப் போடறா, இவளையே கேளுங்க."