ஃப்ளெக்ஸுக்கு ஒரு படம்

“பாய், கிளிஞ்சல்மேடு அஞ்சுகம் அக்கா கீழ வந்து நிக்கிறாங்க. உங்களைப் பாக்கணுமாம்.”

கேமராவும் எடிட்டிங்கும் பார்க்கும் வினிதா சொன்னதும் ஜவஹர் அலிக்கு எரிச்சல் வந்தது. வராதா பின்னே? நாளை மறுநாள் நேரலை. தசைச் சிதைவு நோய் வந்த பிள்ளைகளுக்காக, காரைக்காலில் அவர் நடத்தும் கேபிள் சேனல் வருஷத்துக்கு ஒரு நாள் முழுக்க நிதி திரட்டும். தலைக்கு மேல் வேலை.

“போன வருஷம்தான் அவங்க மகனுக்கு பேட்டரி வீல்சேர் குடுத்தோமே. பாவம், பையனும் போய்ச் சேந்துட்டான். இன்னும் என்னவாம்?”

“‘எம்புள்ளையக் காட்டித்தானே அவ்வளவு வசூல் பண்ணீங்க’ன்னு கேக்க வந்திருப்பாங்களோ?”

“கேப்பாங்க, கேப்பாங்க. நல்லது பண்ணப் போனா இதான்.”

வசூல் என்னவோ உண்மைதான். அந்தப் பையன் சசிதரனைப் பற்றி எடுத்த படத்தை நேரலைக்கு நடுவில் போட்டதும் போன் ஓயவில்லை. பாரீஸிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊர்க்காரர்கள் அழுதுகொண்டே பேசினார்கள்.

அஞ்சுகம் மாடியேறி வந்தாள். மீன் விற்ற கையோடு வந்திருப்பாள் போல. கூடையை வாசலிலேயே வைத்துவிட்டாள்.

“உக்காருங்கக்கா. நிதியெல்லாம் கமிட்டிதான் முடிவு பண்ணும், என் கையில ஒண்ணும்...” முந்திக்கொள்வதில் ஜவஹர் அலி கெட்டிக்காரர்.

“வண்டிய லோடு ஆட்டோவுல கொண்டாந்திருக்கேன் பாய். தொடச்சி வச்சிருக்கேன். ஒரு மாசந்தான் உக்காந்தான். இந்த வருஷம் வேற புள்ளைக்குக் குடுத்துடுங்க.”

வினிதா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒரே ஒரு உதவி வேணும் பாய். அடுத்த மாசம் அவனுக்கு வருஷ நெனவு. தெரு மொனையில ஃப்ளெக்ஸ் வைக்கணும்னு அவன் கூட்டாளிங்க நிக்கிறானுவ. நல்ல படம் ஒண்ணு இல்ல. எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். அவங்க அப்பா எடுத்ததெல்லாம் போனோட கடல்ல போச்சு. நீங்கதான் அன்னிக்குப் பூரா எடுத்தீங்களே...”

“இவ்வளவுதானா? அதுக்கென்னக்கா!” அப்பாடா என்றிருந்தது அவருக்கு. “வினிதா, போட்டுக் காட்டு. அக்கா எதைச் சொல்றாங்களோ அதைப் பிரிண்ட் எடு.”

திரையில் சசிதரன் வந்தான். சுவரில் சாய்ந்து, கண் கலங்கி. அஞ்சுகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது வேணாம் கண்ணு. சிரிக்கிற மாதிரி ஒண்ணு பாரு.”

வினிதா தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தலை குனிந்த சசிதரன். கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் சசிதரன். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கை நடுங்கும் சசிதரன்.

“சிரிச்சானேம்மா! மைக்கைப் பாத்ததும் ‘வஞ்சிரம் ஒரு கூடை, யாரு கேக்குறது’ன்னு ஏலம் விட்டானே. பாய்கூட வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாங்களே. அதை எடுத்தீங்கல்ல?”

வினிதா ஜவஹர் அலியைப் பார்த்தாள். எடுத்ததும் அவள்தான், அவர் சொல்லி அன்றைக்கே அழித்ததும் அவள்தான்.

“அது வந்து... அதெல்லாம் அழிஞ்சு போச்சுக்கா.”

எப்படி அழிந்தது என்று அஞ்சுகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் விழிதியூரில் இன்னொரு பிள்ளையைப் படமெடுக்கப் போக வேண்டும். எப்படிப் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அஞ்சுகம் எழுந்தாள். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

“விடுங்க பாய், நீங்க என்ன பண்ணுவீங்க. அன்னிக்கே எங்கிட்ட சொன்னான். ‘நான் சிரிக்காம இருந்தாத்தான் என்ன மாதிரிப் புள்ளைங்களுக்கெல்லாம் வண்டி கெடைக்கும்னு பாய் சொன்னாங்கம்மா’ன்னு.”

திரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“படம் பூரா ஒரு எடத்துலகூட சிரிக்கல பாத்தீங்களா? சொன்ன பேச்சக் கேக்குற புள்ள பாய் அவன்.”