அரசு வக்கீலின் வாய்

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள் அக்கா. கோர்ட்டு மாடிப்படியில் அந்த அரசு வக்கீல் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, கீழ போடுங்க! நாமதான ஜெயிச்சிருக்கோம்? தம்பி வெளிய வர்ற நேரத்துல நீங்க உள்ள போகணுமா?" அப்பீலை நடத்திய வக்கீலம்மா அவள் கையைப் பிடித்தார்.

"ஜெயிச்சா ஆச்சா? செய்யாத கொலைக்கு என் தம்பி ஜெயில்ல கிடந்தானே, யாரால? இந்த ஆள் வாயால! இன்னிக்கு இவருக்கு இங்க வேலையே இல்ல. வேடிக்கை பார்க்க வந்திருக்கார் பாருங்க!"

அவள் கொதித்ததில் தப்பில்லை. கீழ்க்கோர்ட்டில் தம்பி கூண்டேறிப் பேசவில்லை; பேசாமல் இருப்பது அவன் உரிமை. இந்த மனிதரோ கடைசி வாதத்தில், "குத்தம் செய்யாதவன் ஏன் வாயைத் திறக்கலை? அந்த மௌனமே சாட்சி!" என்று முழங்கினார்.

அதோடு விட்டாரா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற மாதிரி, வாதத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தம்பிக்கு ஆயுள் தண்டனை.

அப்பீலில் வேறு எந்த வாதமும் எடுபடவில்லை. பேசாததைக் குற்றமாகச் சொன்ன அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இன்றைக்குத் தண்டனையை ரத்து செய்தார்கள்.

அரசு வக்கீல் கடைசிப் படியில் நின்றார். செருப்பைப் பார்த்தும் விலகவில்லை.

"தம்பி எப்பம்மா வெளிய வர்றான்?"

"உங்களுக்கென்னய்யா அக்கறை? கண்ணால பார்த்தேன்னு சொன்னவன் புளுகன்னு தெருவுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"பாதியிலதான் தெரிஞ்சுது. கேஸை விட்டுடலாம்னு மேலிடத்துல கெஞ்சினேன். கேட்கலை."

"அதுக்கு? அந்தப் பேச்சு பேசலாமா? தலை நரைச்சுப் போச்சு, அப்படிப் பேசினா கேஸே நிக்காதுன்னுகூடவா தெரியாது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பின்ன எதுக்கும்மா ரெண்டு தடவை சொன்னேன்?"